மறதியும் மூன்று வோல்ட்டும்

உங்கள் வீட்டுப் பரணிலோ, ஆபீஸ் ஸ்டோர் ரூமிலோ, மஞ்சள் பூத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறதா? 386, 486, அமிகா, எதுவானாலும் சரி. இருந்தால் இந்தக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம். முதலில் போய் மூடியைக் கழற்றி, மதர்போர்டின் ஓரத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்குப் பீப்பாய் வடிவத்தில் ஒரு பாட்டரி, பெரும்பாலும் நீலக்கலரில், இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சுற்றிப் பச்சையாகப் பொரிந்துபோயிருந்தால் ஏற்கெனவே லேட். இல்லையென்றால் அதிர்ஷ்டசாலி. இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள்.

எழுந்து போகச் சோம்பலாக இருந்தால் பரவாயில்லை, மேலே படியுங்கள். படித்து முடித்ததும் தானாகவே போவீர்கள்.

புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுகிறோம். சினிமாவுக்கு எழுதுகிறோம். ஓட்டல் சாம்பாருக்குக்கூட இப்போது நட்சத்திரம் போடுகிறார்கள். ஒரு பொருளை யோசித்து வடிவமைத்தவர்களுக்கு மட்டும் யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. விளம்பரம் எழுதுகிறார்கள், அது வேறு. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இந்தச் சின்ன பாட்டரியை எடுத்துக்கொண்டு, அதை வைத்தவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று பார்க்கலாம் என்றிருக்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

பாட்டரி எதற்கு என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் அது இல்லவே இல்லை. மெஷினைப் போட்டதும் டாஸ் முதல் காரியமாக இன்றைக்கு என்ன தேதி, இப்போது என்ன மணி என்று கேட்கும். வெறுமே என்ட்டரைத் தட்டினால் 1980 ஜனவரி 1 என்று வைத்துக்கொள்ளும். கும்பகர்ணன் மாதிரி, ஒவ்வொரு தடவையும் எழுப்பி இன்ன வருஷம் என்று சொல்ல வேண்டும்.

1984-ல் ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி. ஏ.டி.யில் இந்தப் பிரச்னைக்கு வழி செய்தார்கள். மோட்டரோலாவின் 146818 என்ற சில்லு. அதில் ஒரு கடிகாரம், கூடவே 64 பைட் நினைவகம். மெகாபைட் அல்ல, கிலோபைட்கூட அல்ல. வெறும் 64 பைட். அதிலும் 14 கடிகாரத்துக்கே போய்விடும். பாக்கி 50. இன்றைய யூனிகோடில் எழுதினால் ஒரு குறளைக்கூட அதில் முழுசாக அடக்க முடியாது. அந்த 50-ல்தான் மெஷினின் சுயபுத்தி மொத்தமும் இருந்தது. எத்தனை ஃப்ளாப்பி டிரைவ், எவ்வளவு மெமரி, எந்த மாதிரி ஹார்ட் டிஸ்க்.

மின்சாரம் நின்றாலும் இது மறக்கக் கூடாது, கடிகாரமும் ஓட வேண்டும். அதற்குத்தான் பாட்டரி. கடிகாரத்துக்கு ஒரு குவார்ட்ஸ் படிகம், வினாடிக்கு 32,768 தடவை துடிக்கும். 2-ஐ 15 தடவை பெருக்கினால் 32,768. அதைப் பாதி, பாதி என்று 15 தடவை குறைத்துக்கொண்டே வந்தால் மிச்சம் வினாடிக்கு ஒரு துடிப்பு. உங்கள் கைக்கடிகாரத்திலும் இதே கணக்குதான்.

இதற்கு ஆகும் மின்சாரம் கொசுறு. சில மைக்ரோ ஆம்பியர். இப்போது எல்லா மதர்போர்டிலும் பார்க்கும் காசு மாதிரியான சி.ஆர். 2032 பாட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். (20 என்பது விட்டம், மில்லிமீட்டரில். 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். பெயரிலேயே அளவை வைத்துவிட்டார்கள், இதற்கு என் பாராட்டு.) அதன் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. சில்லு இரண்டரை மைக்ரோ ஆம்பியர் குடித்தால் 88,000 மணி நேரம் வரும். வருஷத்துக்கு 8,760 மணி. வகுத்துப் பாருங்கள், பத்து வருஷம்.

இந்தப் பத்து வருஷத்தில்தான் கோளாறே. மெஷின் செய்தவர்களுக்குப் பத்து வருஷம் என்றால் சாசுவதம். கம்ப்யூட்டர் மூன்று வருஷத்தில் பழசாகிவிடும், ஐந்தில் குப்பைக்குப் போய்விடும், பத்தாவது வருஷம் பாட்டரி செத்தால் யாருக்கு என்ன என்று நினைத்தார்கள். மனிதர்களுக்குப் பொருள்கள்மேல் பாசம் வரும் என்பதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

இனி விமர்சனம். நாலு நிறுவனங்கள், நாலு பாட்டரிகள்.

முதலாவது, 1984 ஜனவரியில் வந்த முதல் மெக்கின்டாஷ். அதன் முதுகில், பவர் ஸ்விட்ச் பக்கத்தில், ஒரு குட்டிக் கதவு. திறந்தால் நாலரை வோல்ட் பாட்டரி. திருப்புளி வேண்டாம், மெக்கானிக் வேண்டாம். டார்ச் லைட்டுக்கு மாற்றுவது போல மாற்றலாம். வாங்கியவரை நம்பி வைத்த கதவு அது. பாட்டரி ஒருநாள் தீரும், அன்றைக்கு உங்களுக்கு அது தெரிய வேண்டும், நீங்களே செய்துகொள்ளலாம் என்று ஒரு பிளாஸ்டிக் மூடி சொல்கிறது. கவிஞர்கள் இதைவிடக் குறைவாகச் சொல்லி அதிகம் கைதட்டல் வாங்கியிருக்கிறார்கள்.

அந்தக் கம்பெனியே மூன்று வருஷத்தில் மனசு மாறியது. 1987-ல் வந்த மெக்கின்டாஷ் 2-ல் இரண்டு லித்தியம் பாட்டரிகளை போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்கள். தேதி மட்டும் மறந்தால் பரவாயில்லை. அந்த மெஷினை உயிர்ப்பிக்கும் சர்க்யூட்டுக்கே அந்த பாட்டரிதான் ஆதாரம். அது தீர்ந்தால் கீபோர்டில் பவர் பட்டனை எத்தனை அழுத்தினாலும் பொட்டென்று ஒரு சத்தம்கூட வராது. உடம்பில் ஒரு குறையும் இல்லாத மெஷின், பார்ப்பதற்குப் பிணம். எத்தனை நல்ல மெஷின்கள் இப்படி உயிரோடு குப்பைக்குப் போனதோ.

இரண்டாவது, ஆரம்பத்தில் சொன்ன பீப்பாய். நிக்கல் காட்மியம், 3.6 வோல்ட். ஜெர்மனியின் வார்ட்டா கம்பெனி பெயர் போட்டதுதான் அதிகம் கண்ணில் படும். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் ஆரம்பத்திலும் 286, 386, 486 மதர்போர்டுகளில் சகஜமாக இருந்தது. அமிகா 2000, 3000, 4000-லும் இதேதான். நம் ஊரில் 'அசெம்பிள்டு' என்று வாங்கிய பெட்டிகளிலும் இதைப் பார்த்திருப்பீர்கள்.

இதன் யோசனை பிரமாதம். மெஷின் ஓடும்போது தானாகச் சார்ஜ் ஆகும், நிறுத்தினால் கொடுக்கும். மாற்றவே வேண்டாம். மாற்ற வேண்டாம் என்பதால் பற்றவைத்துவிட்டார்கள். ஆனால் மெஷினைப் பரணில் போட்டால்? சார்ஜ் தீர்ந்து, சில வருஷங்களில் முத்திரை விட்டுப்போய், உள்ளேயிருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கசிய ஆரம்பிக்கும். அது ஒரு காரம். போர்டின் பச்சை வார்னிஷுக்கு அடியில் நுழைந்து, முடி மாதிரி ஓடும் செம்புக் கோடுகளைத் தின்னும். செம்புக் குடத்தில் களிம்பு ஏறுமே, அதே பச்சை. குடம் தாங்கும். முடி தாங்காது. பாட்டரிக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் கீபோர்டு சாக்கெட்டும் அதன் சில்லும் இருக்கும். முதலில் கீபோர்டு போகும், அப்புறம் ஒவ்வொன்றாக.

இங்கே வில்லன் யாரும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பற்றவைத்தால் தொடர்பு விட்டுப்போகாது. சாக்கெட் வைத்தால் சில காசு அதிகம், அதிர்ச்சியில் கழன்றும் போகலாம். 1990-ல் அந்த முடிவை எடுத்த இஞ்சினீயரை நான் திட்டத் தயாரில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம். ஒரு பொருளில் சீக்கிரம் சாகக்கூடியது எதுவோ, அதையே மிகவும் கெட்டியாக ஒட்டிவைப்பது என்ன நியாயம்? வீடு கட்டுகிறவர் பல்பைச் சுவரோடு சேர்த்துப் பூசுவாரா?

மூன்றாவது, டல்லாஸ் செமிகண்டக்டர் கம்பெனியின் டி.எஸ். 1287. கறுப்பாக, கொஞ்சம் குண்டாக ஒரு செங்கல். மேலே கடிகாரப் படம். சில்லு, படிகம், லித்தியம் பாட்டரி மூன்றையும் ஒன்றாக அடுக்கி எபாக்ஸி பிசினில் புதைத்துவிட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் உழைக்கும் என்றார்கள், உழைத்தது. கசியவில்லை, களிம்பில்லை, சுத்தம். தீர்ந்தபின்தான் தெரிந்தது, அதற்குள் கை நுழைய வழியே இல்லை என்று. பல போர்டுகளில் சாக்கெட்கூட இல்லாமல் இந்தச் செங்கலையே நேராகப் பற்றவைத்திருந்தார்கள்.

சன் கம்பெனியின் ஸ்பார்க் ஸ்டேஷன்களிலும் இதே ரகத்தில் ஒரு சில்லு. அதில் அந்த மெஷினின் நெட்வொர்க் முகவரியும் அடையாள எண்ணும் இருந்தன. பாட்டரி தீர்ந்தால் மெஷினுக்குத் தன் பெயரே மறந்துவிடும். அந்த அடையாள எண்ணைப் பார்த்துத்தான் லட்சக்கணக்கில் விலைகொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர்கள் திறக்கும். 'நீ யார்?' என்று கேட்டால் சொல்லத் தெரியாதவனை உள்ளே விடுவார்களா?

நாலாவதுதான் எனக்குக் கோபம் வரும் கேஸ். ஜப்பானின் காப்காம் கம்பெனி. வீடியோ கேம் பார்லர்களில் வைக்கும் மெஷின்கள். அவர்களின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 உலகம் முழுக்கத் திருட்டுக் காப்பி போனது. கடுப்பானவர்கள் 1993-ல் சி.பி. சிஸ்டம் 2 என்று ஒன்று கொண்டுவந்தார்கள். விளையாட்டின் நிரல் சங்கேத வடிவில் இருக்கும். அதைத் திறக்கும் சாவி ஒரு நினைவகத்தில், அதைக் காப்பாற்ற ஒரு பாட்டரி. யாராவது பெட்டியைக் குடைந்தால் சாவி அழியும், திருடனுக்கு ஒன்றும் கிடைக்காது. சரிதான். ஆனால் யாரும் குடையாவிட்டாலும் பாட்டரி ஒருநாள் தீரும். அன்றைக்கும் சாவி அழியும். காசு கொடுத்து வாங்கியவரின் திரையிலும் வெறும் ஒரே கலர். ரசிகர்கள் இதற்கு வைத்த பெயர் 'தற்கொலை பாட்டரி'.

திருடனைப் பிடிக்க வீட்டுக்காரருக்கும் சேர்த்து விஷம் வைப்பது பாதுகாப்பு ஆகாது. கம்பெனி இருக்கும்வரை, அதற்கு அக்கறை இருக்கும்வரை சரிசெய்து வாங்கலாம் என்பது பதில் இல்லை. ஒரு படைப்பின் ஆயுளை ஒரு கம்பெனியின் அக்கறைக்கு அடகு வைக்கலாமா என்பதுதான் கேள்வி. கடைசியில் அதைக் காப்பாற்றியது கம்பெனி அல்ல. ஆர்வலர்கள். அந்தச் சங்கேத முறையை 2007-ல் முழுசாக உடைத்தார்கள். 2016-ல், செத்த போர்டுகளுக்கே திரும்பச் சாவியை ஏற்றும் வழியையும் கண்டுபிடித்துப் பகிரங்கமாக வெளியிட்டார்கள். பூட்டை உடைத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டிய விசித்திரமான நிலைமை.

'சார், செத்த கம்ப்யூட்டருக்கு இத்தனை ஒப்பாரியா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கையிலிருக்கும் செல்போன் அந்தக் காலத்து 486-ஐவிட ஆயிரம் மடங்கு வேகம். எதற்கு இந்தச் சவத்துக்குச் சிங்காரம்?

இதற்காக. ஹார்ட் டிஸ்க்கை அந்த மெஷின் எப்படி அடையாளம் கண்டது என்று யோசியுங்கள். அந்த 50 பைட்டில் 'டைப் 47' என்றும், இத்தனை சிலிண்டர், இத்தனை ஹெட், இத்தனை செக்டார் என்றும் எழுதிவைத்திருக்கும். பாட்டரி தீர்ந்தால் அந்தக் குறிப்பு காலி. டிஸ்க் நன்றாகச் சுற்றும். அதில் உள்ளதெல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் மெஷின், 'டிஸ்க்கா? எனக்குத் தெரியாதே' என்று கையை விரிக்கும். விஷயம் தெரியாதவர் டிஸ்க் போச்சு என்று முடிவுகட்டி, பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுவார். மூன்று எண்களைத் தட்டியிருந்தால் திறந்திருக்கும்.

அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்பதுதான் விஷயம். தொண்ணூறுகளில் தமிழ் எழுதியவர்கள், அச்சுக்கோத்தவர்கள் எல்லோரும் இப்படிப்பட்ட மெஷின்களில்தான் அடித்தார்கள். 1999-ல் டாம், டாப் என்று அரசு தரப்படுத்துவதற்கு முன்னால் கம்பெனிக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. அந்தக் காலத்து ஃபைலைத் திறக்க அந்த எழுத்துரு வேண்டும், அந்த சாஃப்ட்வேர் வேண்டும், சில சமயம் அந்த மெஷினே வேண்டும். ஓலைச்சுவடியைக் கரையான் அரித்தது என்று இன்றைக்கும் அங்கலாய்க்கிறோம். சுவடி முந்நூறு வருஷமாவது தாங்கியது. இது முப்பதுக்கே மூச்சு வாங்குகிறது. கரையானைக் கூடவே வைத்துப் பற்றவைத்திருக்கிறோம்.

விளையாட்டு என்றால் மட்டமா? நின்டென்டோவின் போகிமான் கோல்டு, சில்வர் காட்ரிட்ஜ்கள் 1999-ல் ஜப்பானில் வந்தன. உள்ளே ஒரு காசு பாட்டரி. குழந்தை விளையாடிச் சேமித்தது முழுக்க அதன் தயவில். பாட்டரி தீர்ந்தால் மொத்தமும் காலி. புதுசு போடலாம், ஆனால் பழசை எடுத்த அந்த நிமிஷத்தில் சேமித்தது அழிந்துவிடும். இதற்கும் வழி இருக்கிறது. காட்ரிட்ஜைப் படிக்கும் ஒரு சின்னக் கருவியில் செருகி, சேமித்ததைக் கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொண்டு, பாட்டரியை மாற்றி, திரும்ப ஏற்றலாம். பாட்டரி உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும், அவ்வளவுதான். இந்த நிமிஷமும் எங்கேயோ ஒரு மேஜை டிராயரில் ஒரு பத்து வயதுப் பையனின் முழு ஆண்டு விடுமுறை மூன்று வோல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பையனுக்கு இப்போது முப்பத்தைந்து இருக்கும்.

சரி, இனி வேலை. திருப்புளியை எடுங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. பிக்சர் ட்யூபும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் பழைய மெக்கின்டாஷை நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். டி.வி. மெக்கானிக் யாரையாவது கூப்பிடுங்கள்.

மற்றவற்றில், பாட்டரி இன்னும் உயிரோடு இருந்தால் முதலில் செட்டப் திரைக்குள் போய் அங்கிருக்கும் எண்களை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். பேப்பரில், பென்சிலால். எழுதி, பெட்டிக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். பேப்பருக்கு பாட்டரி வேண்டாம்.

பீப்பாயாக இருந்தால் கிண்டி எடுக்காமல் கால்களை வெட்டி எடுங்கள். கையுறை அவசியம், கண்ணாடி இன்னும் அவசியம். கசிந்திருந்தால் வெள்ளை வினிகரைத் தொட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். காரத்தை அமிலம் அடக்கும். செம்புக் குடத்துக்குப் பாட்டி புளி போட்டுத் தேய்த்தாளே, அதே ரசாயனம். அப்புறம் சுத்தமான தண்ணீரிலும், கடைசியாக ஐசோப்ரொபைல் ஆல்கஹாலிலும் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள்.

ஆனால் சில மெக்கின்டாஷ்களில் இருக்கும் அரை பென்சில் அளவு லித்தியம் பாட்டரி கசிந்தால் கதை தலைகீழ். அதிலிருக்கும் தயோனைல் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். அதற்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தொட வேண்டும். அங்கே போய் வினிகரைக் கொட்டினால் எரிகிற வீட்டில் எண்ணெய். எந்த பாட்டரி என்று பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

பீப்பாய் இருந்த இடத்தில் காசு பாட்டரி வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் நேராக அல்ல. அந்த போர்டு பீப்பாயைச் சார்ஜ் செய்து பழகியது. காசு பாட்டரி சார்ஜ் ஏற்கும் ஜாதி அல்ல, ஏற்றினால் வீங்கும், வெடிக்கலாம். நடுவில் ஒரு டையோடு போட வேண்டும், கோடு போட்ட முனை போர்டு பக்கம். ஷாட்கி டையோடு என்று கேட்டு வாங்கினால் வோல்ட்டேஜ் நஷ்டம் குறைவு. பல போர்டுகளில் வெளி பாட்டரிக்கென்றே நாலு பின் இருக்கும், அது இன்னும் உத்தமம். பாட்டரியை ஒரு ஹோல்டரில் வைத்து, இரண்டு ஒயர் இழுத்து, போர்டைவிட்டுத் தள்ளி வையுங்கள். அடுத்த முறை கசிந்தால் தரையில் கசியட்டும். மாற்றுவதற்குக் குனிந்தால் போதும்.

டல்லாஸ் செங்கல்லுக்கு இரண்டு வழி. ஒன்று, பக்கவாட்டில் 16-வது, 20-வது பின்களுக்கு மேலே பிசினைச் சுரண்டி, உள்ளிருக்கும் பாட்டரியின் தொடர்பை வெட்டி, புதுசாக ஒரு ஹோல்டரைப் பற்றவைப்பது. கை நடுங்காதவர்களுக்கு மட்டும். இன்னொன்று, ஆர்வலர்கள் செய்துதரும் மாற்று போர்டு. அதே அளவு, அதே 24 கால், ஆனால் தலையில் காசு பாட்டரிக்கு ஒரு பள்ளம். 'பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக்' என்று யாராவது டல்லாஸ் சில்லைக் கொடுத்தால் மேலே இருக்கும் நாலு எண்ணைப் பாருங்கள். 9324 என்றால் 1993-ம் வருஷம் 24-வது வாரம். டப்பாவைப் பிரிக்காவிட்டாலும் பாட்டரிக்கு வயசாகும்.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் காசு பாட்டரியைப் பூட்டி வையுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பழையதைப் புதுப்பிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'ஒரிஜினலாக இருக்க வேண்டும்' என்று தேடிப்பிடித்து அதே நிக்கல் பீப்பாயையே திரும்பப் பற்றவைக்கும் பக்தர்கள் இருக்கிறார்கள். கோயிலில் பழைய கல்வெட்டைக் காப்பாற்ற வேண்டும், சரி. அதை உடைத்துக்கொண்டு வளர்ந்த அரசங்கன்றையும் ஒரிஜினல் என்று தண்ணீர் ஊற்றலாமா? மெஷினை ஓட்டப்போவதில்லை, அழகுக்கு வைக்கப்போகிறீர்கள் என்றால் புது பாட்டரியே வேண்டாம், பழையதை எடுத்தால் போதும். 1980 என்றே காட்டிவிட்டுப் போகட்டும். மெக்கின்டாஷ் 1904 என்று காட்டும். (1900 லீப் வருஷம் அல்ல. 1904-ல் ஆரம்பித்தால் கணக்கு சுலபம் என்று வைத்தார்கள்.) அமிகா 1978 என்னும். தேதி தப்பாக இருப்பது நோய் இல்லை. களிம்புதான் நோய்.

இதெல்லாம் பழங்கதை என்று எண்ணினால், 2021-ஐ நினைவில் வையுங்கள். சோனியின் பிளேஸ்டேஷன் 4-க்குள்ளும் ஒரு காசு பாட்டரி. அது தீர்ந்து, சோனியின் சர்வரும் என்றாவது மூடப்பட்டால், நேரம் சரிதானா என்று உறுதிசெய்ய ஆளில்லாமல், காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்குகள்கூட ஓடாது என்று ஆர்வலர்கள் சோதித்துக் காட்டினார்கள். சத்தம் போட்டார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் வந்த 9.00 என்ற மாற்றத்துக்குப் பிறகு அந்தக் கோளாறு நீங்கியது. முப்பத்தேழு வருஷம் முன்னால் ஒரு பிளாஸ்டிக் கதவு சொன்ன பாடத்தை இன்னொரு தடவை படிக்க வேண்டியிருந்தது.

ஐரோப்பிய யூனியன் 2023-ல் ஒரு சட்டம் போட்டது. 2027 பிப்ரவரி 18 முதல், சாதனங்களில் இருக்கும் சிறு பாட்டரிகளை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று. விதிவிலக்குகள் உண்டு. தகவலைச் சேகரித்துத் தருவதே முக்கிய வேலையாக உள்ள சாதனங்களில், தகவல் சிதையாமல் இருக்க பாட்டரி நிரந்தரமாக ஒட்டியிருக்க வேண்டும் என்றால் அதற்கு விலக்கு. நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். ஆனால் இத்தனை நேரம் நாம் பார்த்த எல்லோரும் சொன்னது அதே காரணம்தானே? ஞாபகம் அழியாமல் இருக்கத்தான் சார் ஒட்டினோம்.

ஆகவே அடுத்த முறை கடையில் எதையாவது வாங்கும்போது ரேம் எவ்வளவு, காமிரா எத்தனை மெகாபிக்ஸல் என்று கேட்பதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள். 'இதில் முதலில் சாகப்போவது எது? அதை நான் மாற்ற முடியுமா?' கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் அவர் கம்பெனியைக் கேட்பார்.

இப்போது பரணுக்கு ஏறுங்கள். ஏணியை யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.